புளியங்கொட்டை விழாத படம்

இசக்கியம்மாளின் படத்தில் திருச்செந்தூர் பஸ்ஸின் பெயர்ப்பலகை மேல் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, ஒரு வாரம் கழித்து அருள்வளனின் படத்தில் உப்பளத்து நடுவே நட்டிருந்த கம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. கூடியிருந்த எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர்கூட இது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை, யாரால் நடந்தது என்றுதான் கேட்டார்கள்.

தூத்துக்குடிப் பேருந்து நிலையத்துக்கு எதிர்த்தெருவில் காஜா முகைதீனின் மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது, அதன் மாடியில் கண் பரிசோதிக்கும் நீள அறை இருந்தது, அந்த அறையில் சுவருக்குச் சுவர் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தது. படம் எடுக்கிற பைத்தியம் பிடித்த எட்டுப் பேர் ஞாயிறுதோறும் ஆளுக்கொரு படத்தை அச்சுப்போட்டு எடுத்துவந்து அந்தக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவார்கள். முன்பெல்லாம் செல்போன் குழுவில்தான் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். யார் படத்துக்கு யார் கட்டைவிரல் காட்டவில்லை என்று பார்த்துப் பார்த்து இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திக்கொண்டதிலிருந்து, கையில் படத்தோடு வந்தால்தான் மாடிப்படி ஏறலாம் என்று மருந்துக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி சட்டம் போட்டுவிட்டார். இன்னொரு சட்டமும் அவர் போட்டதுதான். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு காகிதக் கோப்பை தொங்கும். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பிடித்த படத்தின் கோப்பையில் போட வேண்டும். யார் கோப்பையில் அதிகம் விழுகிறதோ அவர்தான் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித்தர வேண்டும்.

"ஜெயிச்சவன் வாங்கித் தரணும், தோத்தவன் திங்கணும்" என்பார் தனுஷ்கோடி. "வயித்துல வடை விழுந்தா வயித்தெரிச்சல் தானா அடங்கும். எங்கடையில அதுக்கு மாத்திரை கிடையாது."

அருள்வளன் பதினான்கு மாதமாக மற்றவர்கள் வாங்கித்தந்த வடையைத் தின்றுகொண்டிருந்தார். அடங்கவில்லை.

அவர் மஸ்கட்டில் இருபத்தொரு வருஷம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் ஊருக்குத் திரும்பியவர். அங்கே கடலிலிருந்து உப்பை விலக்கினார், இங்கே வந்து உப்பையே படம் பிடித்தார். விடிவதற்கு முன் எழுந்து முத்தையாபுரம் பக்கம் உப்பளத்துக்குப் போய், தொடைவரை சேற்றில் நின்று, முழங்கை நீள லென்ஸை முக்காலியில் பூட்டி, சூரியன் எழும்பி உப்புப் பாத்திகள் தாமிரத் தட்டுப் போல் ஆகிற அந்த இரண்டு நிமிஷத்துக்காகக் காத்திருப்பார். அவர் படத்தில் தொடுவானம் கோணாது, வெளிச்சம் சிந்தாது, ஒரு தூசி இருக்காது. எல்லோரும் அதன் முன்னால் நின்று, "சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, புளியங்கொட்டையைக் கையில் உருட்டியபடி இசக்கியம்மாளின் படத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இசக்கியம்மாள் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். காலை முதல் மாலை வரை ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எட்டயபுரம் வண்டி மூன்றாவது நடைமேடை, விளாத்திகுளம் வண்டி புறப்படத் தயார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஐம்பத்தைந்து வயது. தனி ஆள். திரை கீறிய பழைய செல்போன் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போன நேரம், கண்டக்டர் சில்லறைக்கு அலையும் நேரம் என்று கிடைத்த நேரத்தில் கூண்டின் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எடுப்பாள். படம் கோணியிருக்கும். அதில் எவனாவது ஒருத்தன் பாதி முகத்தோடு நடந்துபோய்க்கொண்டிருப்பான். ஆனால் பார்த்தவர்கள் சிரிப்பார்கள், அல்லது சட்டென்று அமைதியாகிவிடுவார்கள், எட்டில் ஐந்து கொட்டை அவள் கோப்பையில் விழும், "அய்யோ, இன்னிக்கும் நானா?" என்று அவள் சேலைத் தலைப்பிலிருந்து பர்ஸை அவிழ்ப்பாள். அந்த "அய்யோ"வை ஒருமுறை, ஒரே ஒருமுறை தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அருள்வளன் இந்த ஊரில் வந்து இறங்கியபின் பட்ட ஒரே ஆசை.

அதனால்தான் மீன்கொத்தி போனபோது எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பட்சி வீடு மாறியிருக்கு" என்றான் காஜா.

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் பஸ்ஸைப் பார்த்தார். பலகையில் திருச்செந்தூர் இருந்தது, பறவை இருந்த இடத்தில் வெறும் வானம். பிறகு உப்பளத்தைப் பார்த்தார். நீலமும் பழுப்புமாக அலகை நீட்டிக்கொண்டு அதே மீன்கொத்தி, கம்பின் நுனியில்.

"கம்ப்யூட்டர்ல ஒட்டுன வேலையா தம்பி?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி. போன வாரம் மாட்டுனதோட சரி. கயித்துப் பக்கமே வரல."

"ஒட்டியிருந்தா மன்னிச்சு விட்டுருக்கலாம்" என்றார் தனுஷ்கோடி வருத்தமாக.

"அந்தப் பட்சியப் போன வாரம் நீங்க பாத்த பார்வைய நானும் பாத்தேன் அருளண்ணே" என்றான் காஜா. "அது சின்ன உசுரு. எவ்வளவு நேரம் தாங்கும்? வந்துருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அருள்வளனுக்குக் காது மடல் சுட்டது. இசக்கியம்மாள் மட்டும் சிரிக்காமல் உப்பளப் படத்துக்குப் பக்கத்தில் வந்து, தலையைச் சாய்த்து, தன் பறவையைப் பார்த்தாள். "தண்ணிப் பக்கம் போயிட்டு. நல்லதுதான். பஸ்ஸு மேல உக்காந்து அதுக்கு என்ன மீன் கெடைக்கும்?" என்று சொல்லி, தன் புளியங்கொட்டையை அவர் கோப்பையில் போட்டாள். பதினான்கு மாதத்தில் அந்தக் கோப்பையில் விழுந்த முதல் கொட்டை. அது விழுந்த சத்தம் அவருக்கு வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதோடு அது நின்றுவிடவில்லை. அடுத்த வாரம் அருள்வளன் படத்துக்குக் காஜாவின் படத்திலிருந்த வெள்ளாடு வந்தது, அதற்கடுத்த வாரம் தனுஷ்கோடி மணப்பாட்டில் எடுத்த, யானை மண்டியிட்டது போன்ற மேகம் வந்தது, யாரோ எடுத்த பட்டம் வந்தது. இன்னொருவரின் படத்திலிருந்து ஐஸ் வண்டி மணியோடு வந்து சேர்ந்தது. அருள்வளன் மட்டுமல்ல, மற்றவர்களும் ஒருவர் படத்திலிருந்து ஒருவர் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தனுஷ்கோடியின் படத்தில் காஜாவின் மழைச்சாரல் பெய்தது. மழை போய்விட்ட காஜாவின் படத்தில் குடை பிடித்த கிழவர் வெயிலில் நின்றார். எந்த நேரத்தில் நகர்கிறது என்று பார்க்கக் காஜா நாள் முழுக்கக் கயிற்றின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். அவன் சோறு தின்னக் கீழே இறங்கிய நேரத்தில் எல்லாம் நகர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கயிற்றில் கட்டினார்கள். மூன்றாம் நாள் எலுமிச்சம்பழம் ஒருவர் படத்திலிருந்த சர்பத் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதத்தில் ஊர்ச் சுவர்களுக்கும் அது பரவியது. ஒரே வீட்டில் இருந்த இரண்டு ஓரகத்திகளின் கல்யாணப் படங்கள் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்க, மூத்தவள் கையில் இருந்த கெட்டி வளையல் இளையவள் கையில் இருப்பதை மாமியார் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் பேச்சு இல்லை, மூன்றாம் நாள் ஆளுக்கொரு சுவர் என்று முடிவாயிற்று, அந்த வாரம் ஊரில் ஆணி கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் குழுப்படத்தில் முதல் மாணவியின் பதக்கம் கடைசி வரிசைக்காரன் கழுத்தில் தொங்கியது. தலைமையாசிரியை இனிமேல் பதக்கம் இல்லாமல்தான் படம் என்று சுற்றறிக்கை விட்டார். பங்குச்சாமி பிறர் பொருளுக்கு ஆசைப்படுவதைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் வைத்தார், முக்கால் மணி நேரமும் அருள்வளன் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தே வைத்தார். கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளைப் படங்களைக் காஜாவின் கயிற்றில் ஒரு வாரம் தொங்கவிட இடம் கேட்டார்கள். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே போகலியே" என்று முகம் சுளித்துக்கொண்டு போனார்கள்.

இப்படியாக, பொருள் போவது ஊரில் கௌரவமாகிவிட்டது. சந்தையில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டால், "என்ன, உங்க வீட்டுல எதும் போச்சா?" என்றுதான் விசாரித்தார்கள். "கேக்காதீங்க, மகன் பிறந்தநாள் படத்துல கேக்கு பூராவும் போச்சு" என்று ஒருவர் பெருமூச்சு விடுவதுபோல் பெருமையடித்தார். தனுஷ்கோடி சட்டத்தைத் திருத்தினார். புளியங்கொட்டை பழக்கத்துக்கு விழுந்துகொண்டிருக்கட்டும். ஆனால் யார் படத்திலிருந்து பொருள் போகிறதோ அவர்தான் இனி டீ வாங்க வேண்டும். கொட்டையை முகத்துக்காகப் போடலாம், பொறாமையை முகத்துக்காகப் பட முடியாது என்று அவர் காரணம் சொன்னார்.

எல்லோரும் டீ வாங்கினார்கள். அருள்வளன் படத்திலிருந்து ஒன்றும் போகவில்லை.

அவர் படத்துக்கு வந்தன, வந்துகொண்டே இருந்தன. அந்தச் சுத்தமான உப்பளத்தில் மீன்கொத்தியும் வெள்ளாடும் யானை மேகமும் பட்டமும் ஐஸ் வண்டியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. "அருளண்ணே, டிக்கெட் போட்டுரலாம். பொருட்காட்சி மாதிரி இருக்கு" என்றான் காஜா. போனதை எடுத்துக்கொடுக்க வழியில்லை என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. படத்தைக் கிழித்தாலும் சரி, மாற்றி மாட்டினாலும் சரி, மன்னிப்புக் கேட்டாலும் சரி. பறிகொடுத்தவர் அதன்மேல் புதிதாக வயிறு எரிந்தால்தான் அது திரும்பிப் போகும். காஜா வயிறெரிந்து வெள்ளாட்டை ஒரே வாரத்தில் மீட்டுக்கொண்டான். தனுஷ்கோடி மேகத்தை மீட்டார். மீன்கொத்தி மட்டும் போகவில்லை. ஞாயிறுதோறும் இசக்கியம்மாள் அதைப் பார்த்து, "இளைக்கலையே, நல்லாத்தான் இருக்கு" என்று சந்தோஷப்பட்டுவிட்டுப் போவாள். அவள் பறவையையே வைத்துக்கொண்டிருந்தும் அவளுக்குத் தன்மேல் பொறாமை வரவில்லை என்பது, அருள்வளனுக்கு வேறு எந்த அவமானத்தையும்விடப் பெரிதாக இருந்தது.

அவர் என்னென்னவோ செய்தார். வல்லநாட்டுக் காட்டில் மூன்று நாள் உட்கார்ந்து, புல் நுனியில் பனித்துளி இருக்க, அதற்குள் தலைகீழாகப் புள்ளிமான் தெரிகிற படம் எடுத்தார். பூநாரைக் கூட்டம் ஒன்று உப்பளத்தில் இறங்கியபோது சேற்றில் குப்புறப் படுத்து, அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் இறக்கையைத் தூக்கிய நொடியைப் பிடித்தார். மதுரைக்குப் போய்ப் பட்டு மாதிரி வழவழக்கும் தாளில் அச்சுப்போட்டு வந்தார். மாட்டிவிட்டு ஒவ்வொருவர் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்தார். அடுத்த ஞாயிறு முதல் ஆளாகப் படியேறுவார். பூநாரைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். எண்ணூற்றுப் பன்னிரண்டு. போன வாரமும் எண்ணூற்றுப் பன்னிரண்டு. ஒரு இறகு குறைந்திருக்காது.

வீட்டில் ரோஸ்லின் ஒருநாள் கேட்டாள். "இருவத்தோரு வருசம் உங்கள போன்லதான் பாத்தேன். இப்பம் வந்துட்டீய, முதுகத்தான் பாக்கேன். ஒண்ணு கம்ப்யூட்டர் முன்னால முதுகு, இல்ல வாசல்ல பைக்கில முதுகு. முன்னுக்கு போன்ல மொகமாவது தெரிஞ்சுச்சு."

"ஒரு தடவ, ரோஸ்லின். ஒரே தடவ நான் டீ வாங்கிக் குடுத்துட்டேன்னா போதும்."

"பின்ன வாங்கிக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே, யாரு கையப் பிடிச்சா?"

"அப்படி வாங்கிக் குடுக்க முடியாது" என்றார் அருள்வளன். எப்படி விளக்குவது என்று தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசல் தாண்டும்போது முதுகில் அவள் பார்வை பட்டதை உணர்ந்து, லென்ஸ் பையைக் கொஞ்சம் இறக்கி மாட்டிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. உப்பளம் முழுக்கத் தண்ணீர், பாத்தி எது வரப்பு எது என்று தெரியவில்லை. லென்ஸுக்குள் உப்பு ஏறித் திருகும்போது கரகரத்தது. சனிக்கிழமை மத்தியானம் மழை விட்ட நேரத்தில், அதைத் துடைத்துச் சரிபார்க்கப் பின்வாசலுக்கு எடுத்துவந்தார். அங்கே ரோஸ்லின் அருவாமனை போட்டுச் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர் வாளி, அதற்கடுத்து ஒரு காலி ஸ்டூல், ஸ்டூலுக்குக் கீழே பூனை. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். லென்ஸ் கரகரக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே அவர் பொத்தானை அழுத்தினார். சரியாக இருந்தது.

ஞாயிறு காலையில்தான் கையில் வேறு படம் இல்லை என்பது உறைத்தது. படம் இல்லாமல் மாடிப்படி ஏற முடியாது. அந்தச் சோதனைப் படத்தையே தெருமுனை ஸ்டுடியோவில் சாதாரணத் தாளில் அச்சுப்போட்டு, கயிற்றின் கடைக்கோடியில், கண் பரிசோதிக்கும் அட்டையில் யாருக்கும் படிக்கவராத பொடி எழுத்து வரிசைக்குக் கீழே மாட்டினார். "இது சும்மா. லென்ஸு பாக்க எடுத்தது" என்று கேட்காமலேயே எல்லோரிடமும் சொன்னார். படத்தில் தொடுவானமே இல்லை. ஈயச் செம்பு ஒன்று பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. ரோஸ்லின் கையில் மீனோடு, நெற்றியில் ஒட்டிய முடியைத் தோளால் தள்ளியபடி, முகத்தை நிமிர்த்தி, வாய் பாதி திறந்து, பேச்சின் நடுவில் இருந்தாள்.

அவர் கோப்பையில் ஒரு புளியங்கொட்டையும் விழவில்லை. இசக்கியம்மாள் மட்டும் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கொட்டையை யார் கோப்பையிலும் போடாமல், கைக்குள் மூடிக்கொண்டு போனாள்.

அடுத்த ஞாயிறு அருள்வளன் படியேறியபோது காஜா மேலேயிருந்து கத்தினான். "அருளண்ணே, உங்க படத்துல போயிருச்சு! ஆளே போயிருச்சு!"

ஓடினார். அருவாமனை இருந்தது. வாளி இருந்தது. ஆய்ந்த மீன் சட்டியிலும் ஆயாத மீன் தரையிலும் இருந்தன. ரோஸ்லின் இருந்த இடத்தில் ஈரத் தரை மட்டும் இருந்தது. பூனை அந்த இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அய்யோ!" என்றார் அருள்வளன். பதினெட்டு மாதமாக வாய்க்குள் ஒத்திகை பார்த்த அய்யோ. "அய்யோ, இன்னிக்கு நானா!" சட்டைப்பையிலிருந்து பர்ஸை உருவி, கீழே டீக்கடையைப் பார்த்து, "எட்டு டீ! ஸ்ட்ராங்கா! உளுந்த வடை, பருப்பு வடை ரெண்டும்!" என்று கூவினார். காஜா கைதட்டினான். தனுஷ்கோடி எழுந்து வந்து தோளில் தட்டி, "நம்ம தம்பிக்கும் ஒரு நாள் வந்துட்டு" என்றார். அருள்வளன் சிரித்தார், எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார், எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் தன் முகம் இவ்வளவு இளமையாக இருந்ததைப் பார்த்தார். டீ வந்து தட்டு பெஞ்சில் இறங்கியபோதுதான், போனது எங்கே போனது என்று பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியது.

கயிற்றோடு நடந்தார். காஜாவின் படத்தில் இல்லை. தனுஷ்கோடியின் படத்தில் இல்லை.

இசக்கியம்மாளின் படத்தில் இருந்தாள். நான்காவது நடைமேடையின் சிமெண்ட் பெஞ்ச். போன வாரம் மழைக்கு நனைந்து காலியாகக் கிடந்தது. அதன் ஒரு ஓரத்தில் ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது. முகம் நிமிர்ந்திருந்தது, வாய் பாதி திறந்திருந்தது. படம் பிடித்த கூண்டு ஜன்னலைப் பார்த்து, அதாவது இசக்கியம்மாளைப் பார்த்து, பேச்சின் நடுவில் இருந்தாள்.

யார் படத்தின் மேலும் எந்நாளும் கண் வைக்காத இசக்கியம்மாள், சுவரோரமாகச் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"தப்புத்தான் தம்பி" என்றாள். "பட்சி போச்சு, எனக்கு ஒண்ணும் தோணல. இது தோணிட்டு. காலையிலருந்து சாய்ந்தரம் வரைக்கும் ஊரு பூராவுக்கும் கேக்குத மாதிரிப் பேசுதேன். ஒருத்தரும் திரும்பி ஒரு வார்த்த சொல்லுறதில்ல, பஸ்ஸுல ஏறிப் போயிருதாவ. வீட்டுக்குப் போனா, சாளை மீன் வாங்குனேன்னு எங்கிட்டச் சொல்ல ஆளில்ல, நான் சொன்னாக் கேக்கவும் ஆளில்ல. அவிய அப்படி நிமிந்து பாத்துச் சொல்லுதாவல்லா... எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு."

எட்டு டீயும் ஆடை கட்டி ஆறின. வடையை யாரும் தொடவில்லை.

அவளை மீட்க என்ன செய்ய வேண்டும் என்று அருள்வளனுக்குத் தெரியும். பொறாமைப்பட்டால் போதும், இந்த ஊரிலேயே அதில் தேர்ந்த ஆள் அவர்தான். இசக்கியம்மாளின் படத்துக்கு முன்னால் நின்று முயன்றார். வரவில்லை. பல்லைக் கடித்துப் பார்த்தார். அடுத்தவர் மேகத்துக்கும் ஆட்டுக்கும் அப்படிப் பற்றியெரிந்த வயிறு, தன் பெண்டாட்டிக்கு எரியாமல் குளிர்ந்து கிடந்தது. தினமும் பார்க்கிற முகம்தானே, வீட்டுக்குப் போனால் இருப்பாள்தானே என்று அது சொல்லியது. வீட்டுக்குப் போனார், இருந்தாள். சோறு போட்டாள். தின்றுவிட்டு எழுந்துபோனார்.

வாரம் முழுக்கப் போய் அந்தப் படத்தைப் பார்த்தார். திங்களும் செவ்வாயும் ரோஸ்லின் வாய் பாதி திறந்தபடி இருந்தாள். புதன்கிழமை இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவள் கை, மீன் பிடித்த கை, ஏதோ ஒன்றைத் தள்ளிவிடுவதுபோல் உயர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாய் மூடியிருந்தது; உதட்டோரம் சொல்லி முடித்தவர்களின் சின்னச் சிரிப்பு.

"சொல்லி முடிச்சிட்டாவ" என்றாள் பக்கத்தில் நின்ற இசக்கியம்மாள். அவள் முகம் தெளிந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"அது எங்கிட்டச் சொன்னது தம்பி."

"என் பொண்டாட்டி, அக்கா!"

"அதான் நானும் சொல்லுதேன். உங்க பொண்டாட்டி. முதல்ல உங்ககிட்டத்தான சொன்னாவ. அந்நேரம் நீங்க எங்க போயிருந்திய?"

அப்போது எரிந்தது. பதினெட்டு மாதத்தில் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல், அடிவயிற்றிலிருந்து தொண்டைவரை எரிந்தது. ரோஸ்லின் சொன்ன ஒரு சொல், தன் காதுக்கு மூன்றடி தூரத்தில் சொன்ன சொல், ஊரில் வேறொருத்திக்குத் தெரிந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை. அருள்வளன் கயிற்றைப் பார்க்கக்கூட நிற்காமல் படியிறங்கிப் போனார்.

ரோஸ்லின் பின்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். பூனை எழுந்து நகர்ந்தது.

"என்ன, இன்னிக்குச் சீக்கிரம்? வடை காலியா?"

"நீ சொல்லு."

"எதச் சொல்ல?"

"எதுனாலும்."

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கேஸ் தீரப்போவதைச் சொன்னாள். மழையில் பின்சுவர் ஊறியதைச் சொன்னாள். கோயில் கொடியேற்றத்துக்குத் தங்கை வருவதையும், போன தடவை வந்தபோது அவள் புருஷன் சாப்பாட்டில் குறை சொன்னதையும் சொன்னாள். அவர் கேட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றாவது மீனோ நான்காவது மீனோ, அதன் வயிற்றைக் கீறியபடி அவள் சொன்னாள்.

"மீன்காரி அந்தோணியம்மா மகளுக்கு மாப்பிள்ள வந்துருக்காம். மஸ்கட்ல வேலையாம். எப்படின்னு எங்கிட்டக் கேட்டா. வேண்டாம்னு சொல்லிட்டேன்." கையில் இருந்த மீனால் எதையோ தள்ளிவிடுவதுபோல் காட்டினாள். "போன வாரத்துக்கு முந்துன வாரமே உங்ககிட்டச் சொன்னேனே."

"கேக்கல" என்றார் அருள்வளன்.

"தெரியும்" என்றாள் ரோஸ்லின்.

அடுத்த ஞாயிறு அவர் மாடிக்குப் போகவில்லை. பத்து மணிவாக்கில் இசக்கியம்மாள் ஒரு மஞ்சள் பையோடு வீடு தேடி வந்தாள். பைக்குள் இரண்டு படங்கள். அவளுடைய படத்தில் சிமெண்ட் பெஞ்ச் பழையபடி காலியாகியிருந்தது. இரண்டு மூன்று செதில் மட்டும் மின்னியது, அந்த வாசனைக்கோ என்னவோ மீன்கொத்தி வந்து பெஞ்சின் முதுகில் உட்கார்ந்திருந்தது. யாரும் யார்மேலும் கண் வைக்காமல் ஒன்று இடம் மாறியது அதுதான் முதல் தடவை என்றும், தனுஷ்கோடி இதற்கு என்ன சட்டம் போடுவது என்று தலையைச் சொறிந்துகொண்டிருப்பதாகவும் அவள் சொன்னாள்.

இன்னொரு படத்தை ரோஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். அருவாமனைக்கு முன்னால் அவள் இருந்தாள், முகத்தை நிமிர்த்தி, வாய் பாதி திறந்து. காலியாக இருந்த ஸ்டூலில் இப்போது ஒரு ஆள் உட்கார்ந்து, அவள் பக்கம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது.

"மொகம் தெரியலியே, யாரா இருக்கும்னு காஜா கேக்கான்" என்றாள் இசக்கியம்மாள்.

"இந்த முதுகு எனக்குத் தெரியாதா?" என்றாள் ரோஸ்லின். "உக்காருங்கக்கா. ஏங்க, டீ போடுங்க."

அருள்வளன் அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்குத் தண்ணீர் வைத்தார். டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல் நான்கு டப்பாவைத் திறந்தார். பின்வாசலில் இரண்டு பெண்களும் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சட்டென்று ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அடிவயிற்றில் அவருக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கொதிக்கும்வரை பொறுக்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, என்னவென்று கேட்கப் போனார்.